மலிவு ஜூசர் வேண்டலாமோ? (வீட்டுச் சாமான் கேள்வி-பதில்)

கேள்வி (புதுக்குடியிருப்பு): பிள்ளையள் ரெண்டு பேரும் சோடாவுக்குப் பழகிப்போச்சினம், அதை நிப்பாட்டிப்போட்டு வீட்டிலயே ஜூஸ் அடிச்சுக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். கையில 15,000 ரூபா இருக்கு. கிளிநொச்சியில ஒரு கடையில பெட்டியில 800 வாட்ஸ் எண்டு போட்ட ஜூசர் அந்த விலைக்குள்ள கிடக்கு. வேண்டலாமோ? வீட்டில பழைய பிளெண்டர் ஒண்டும் இருக்கு.

பதில்: தங்கச்சி, காசைக் குடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு கிழமைக்கு உங்கட வீட்டுக்குள்ள என்னென்ன பழம், மரக்கறி வருதெண்டு பிள்ளையின்ர கொப்பித் துண்டு ஒண்டில எழுதுங்கோ. நான் ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, அந்த விலைக்கு வாற ஜூசர் எல்லாம் ஒரே வகை, உள்ளுக்க ஒரு வலைக்கூடை, அதின்ர அடியில துருவுபலகை மாதிரி பல்லு வைச்ச தட்டு, ரெண்டும் சேந்து நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்தும், மேல இருந்து விழுற சாமானைத் தட்டுத் துருவும், சுத்துற வேகத்தில சாறு வலையால வெளிய தெறிக்கும், சக்கை மற்றப் பக்கத்தால வீசுப்பட்டு வாளிக்குள்ள போகும். அவ்வளவுதான் அதின்ர வேலை. அப்ப துருவக்கூடிய இறுக்கமான சாமான்தான் அதுக்குப் பொருந்தும். கரட், பீற்றூட், அப்பிள், அன்னாசி, கெக்கரிக்காய், இஞ்சி இதெல்லாம் நல்லாப் போகும்.

பப்பாப்பழம், வாழைப்பழம், பட்டர்ஃப்ரூட் போட்டா சாறே வராது, வலையில களி மாதிரி அப்பிக்கொண்டு நிக்கும். பழுத்த மாம்பழமும் அப்பிடித்தான். வெள்ளரிப்பழம் கரண்டியால மசிச்சுச் சீனி போட்டுச் சாப்பிடுற சாமான், அதுக்கு மிசினே தேவையில்லை. விளாம்பழம் பிளெண்டர்ல தண்ணி விட்டு ஒரு சுத்து அடிச்சு வடிச்சாப் போதும். தேசிக்காய், தோடம்பழம் கையால பிழியிறதுதான் திறம், பிளெண்டர்ல கொட்டையோட அரைபட்டாக் கைச்சுப்போகும். வத்தகப்பழம் பத்தில ஒன்பது பங்கு தண்ணி, அதை பிளெண்டர்ல போட்டு வடியால வடிச்சா ரெண்டு நிமிச வேலை. இப்ப எங்கட வன்னி வீடுகளில, காணியில காய்க்கிறதும் சந்தையில மலிவா வாறதும் பெரும்பாலும் என்ன சொல்லுங்கோ? மாம்பழம், பப்பா, வத்தகப்பழம், தேசிக்காய், கொய்யா, விளாம்பழம். இதில ஒண்டுக்கும் ஜூசர் வேணாம்.

அதாலதான் சொல்லுறன், உங்கட துண்டில கரட், பீற்றூட், அன்னாசி, அப்பிள் கிழமைக்கு நாலு தரமாவது வந்தா மட்டும் ஜூசரை யோசியுங்கோ. இல்லையெண்டா பிளெண்டருக்குப் புது பிளேட் ஒண்டு மாத்தி, நல்ல வடி ஒண்டு வேண்டி, மிச்சக் காசுக்குப் பழத்தை வேண்டுங்கோ. பிள்ளையளுக்கு சோடாவை நிப்பாட்டுறதுதான் உங்கட நோக்கம் எண்டா அதுக்குப் பிளெண்டரே காணும், சக்கையும் கொஞ்சம் உள்ள போகும், அதுவும் நல்லதுதான்.

கீரைக்கும் வல்லாரைக்கும் ஜூசர் வேண்டுற ஆக்களும் இருக்கினம். மலிவு மிசின்ல இலை பறந்துபோய்ச் சக்கையோட விழும். ரெண்டு கரட்டுக்கு நடுவில இலையைச் சுருட்டி வைச்சுத் தள்ளினாக் கொஞ்சம் வரும், ஆனா முழுக் கீரை ஜூஸ் வேணுமெண்டா நிமிசத்துக்கு நூறு சுத்துக்கும் கீழ மெதுவா அரைச்சுப் பிழியிற வகை வேணும், அதின்ர விலை வேற.

சரி, துண்டைப் பாத்தும் வேண்டத்தான் வேணுமெண்டா, கடையில இதைச் செய்யாமல் காசு குடுக்க வேண்டாம். பெட்டியில பெரிசாப் போட்ட வாட்ஸை விடுங்கோ, மிசினைத் தலைகீழாப் பிடிச்சு அடியில ஒட்டின லேபிளை வாசியுங்கோ. கன பெட்டியளில போடுறது மோட்டர் திக்குமுக்காடேக்க ஒரு கணத்துக்கு இழுக்கிற கூடின அளவு, அடி லேபிள்ல இருக்கிறதுதான் ஓடேக்க எடுக்கிற வாட்ஸ். 800 எண்டு வெளிய போட்டிட்டு அடியில 400 எண்டு இருக்கிறதைக் கண்ணால கண்டிருக்கிறன். 400 கூட வீட்டுக்குக் காணும், ஆனா 800க்குக் காசு குடுக்கக்கூடாது. அதே லேபிள்ல கே.பி. (KB) எண்டு போட்டுப் பக்கத்தில 1 நிமிசம், 2 நிமிசம் எண்டு இருந்தா, ஜேர்மன் மொழியில குறுகிய நேர ஓட்டம் எண்டதின்ர சுருக்கம் அது, அவ்வளவு நேரந்தான் ஒரேயடியா ஓட்டலாம், பேந்து நிப்பாட்டி மோட்டரை ஆற விடவேணும். மலிவு ஜூசர் எரியிறதில முக்கால்வாசி இதைப் பாக்காததால எண்டுதான் நான் நினைக்கிறன், கலியாண வீடு, பிறந்தநாள் எண்டு ஒரேயடியா அஞ்சு கிலோ கரட்டைத் தள்ளினா அது எங்க தாங்கும்.

அடுத்தது வலைக்கூடை. அதைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ. ஓட்டை எல்லாம் ஒரே அளவா இருக்கோ, வலையும் தட்டும் சேருற விளிம்பில வெல்டிங் விட்டிருக்கோ, எங்கையாவது மயிர் மாதிரி வெடிப்பு இருக்கோ. இதில விளையாட்டு இல்லை, அந்த வேகத்தில சுத்தேக்க வெடிச்ச வலை துண்டாப் பறந்தா மூடியையும் உடைச்சுக்கொண்டு வரும். வீட்டிலயும் ஒவ்வொரு முறை போட முதல் ஒருக்காப் பாக்கவேணும், வெடிப்புக் கண்டா அண்டையோட அந்தக் கூடைக்கு வேலை முடிஞ்சுது. பேந்து கடைக்காரரிட்டச் சொல்லிச் சும்மா ஒரு பத்துச் செக்கன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. மேசையில நடந்து திரியுதோ, கிறீச் எண்டு உரசுற சத்தம் வருதோ, மூடியும், அதை இறுக்கிப் பிடிக்கிற பூட்டுக் கையும் போடாமல் சுவிச்சைத் தட்டினா ஓடுதோ. மூடி இல்லாமல் ஓடினா அந்த மிசின் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

பாவிக்கிற விதம் எண்டா, முதல் வேகம் பிடிக்க விட்டுத்தான் கரட்டைப் போடவேணும், மெதுவாத் தள்ளவேணும். அவசரப்பட்டுக் குத்தித் தள்ளினாச் சக்கை ஈரமாப் போகும். சக்கையில ஒரு பிடி எடுத்துக் கையால பிழிஞ்சு பாருங்கோ, விரலுக்குள்ளால சாறு வடிஞ்சா ஒண்டில் தள்ளின வேகம் கூட, இல்லாட்டி மிசின் சரியில்லை. கரட்டில 88 வீதம் தண்ணி, அதில எவ்வளவு கிளாசுக்கு வருது, எவ்வளவு வாளிக்குப் போகுது எண்டதுதான் மிசினின்ர தரம். குடிச்ச கையோட கழுவவும் வேணும். ஒரு மணித்தியாலம் விட்டீங்களெண்டா நார் காய்ஞ்சு ஓட்டையளை அடைச்சிடும், பழைய பல்லுத் தீட்டுற பிரஷால உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் தேய்க்கவேணும். பிளாஸ்ரிக்கில கரட் நிறம் பிடிச்சா சவுக்காரத்தால போகாது, தேங்காயெண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துடைச்சாப் போயிடும், அந்த நிறம் எண்ணெயிலதான் கரையும். சக்கையைக் கோழிக்குப் போடலாம், ரொட்டி மாவுக்குள்ள போட்டுக் குழைச்சும் சுடலாம், என்ர வீட்டில கரட் ரொட்டிக்குத்தான் அடிபாடு.

கேள்வி (மாங்குளம்): அண்ணா கனடாவில இருந்து வரேக்க நல்ல ஜூசர் ஒண்டு கொண்டுவந்து தந்தவர். பிளக் வேற மாதிரிக் கிடக்கு. கடையில அடப்டர் வேண்டிக் குத்தலாமோ?

பதில்: தயவு செய்து குத்திப்போடாதேங்கோ! அடப்டர் மாத்திறது பிளக்கின்ர காலை மட்டும், கரண்டை மாத்தாது. கனடாவில 120 வோல்ட், எங்கட நாட்டில 230. குத்தி சுவிச்சைத் தட்டின உடன மோட்டர் கத்திக்கொண்டு சுத்திப் புகைச்சிடும், உங்கட அண்ணா அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தது ஒரு நிமிசத்தில போயிடும். 230ஐ 120 ஆக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒண்டு வேணும், அதுவும் ஜூசரின்ர வாட்ஸை விட நல்லாக் கூடினதா, 800 வாட்ஸ் மிசினுக்கு 1500 வாட்ஸ் அளவில. அதின்ர விலையைக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ, சில நேரம் அந்தக் காசுக்கு இஞ்சயே ஒரு ஜூசர் வேண்டலாம். லண்டனில இருந்து வாறது பிரச்சினை இல்லை, அங்கயும் 230தான், பிளக்கும் எங்கட புது 13 அம்பியர் சதுரக்கால்தான்.

இந்தியாவில இருந்து வாறதுக்கும் வோல்ட் சரி, ஆனா உருண்டைக்கால் பிளக். அதைத் தளதளத்த மல்டி பிளக்கில குத்தி ஓட்டாமல் தெரிஞ்ச எலக்ரிசியனைக் கொண்டு 13 அம்பியர் பிளக் மாத்துங்கோ.

கேள்வி (வவுனியா): அப்பாவுக்கு சீனி வருத்தம், பிறஷரும் இருக்கு. ஒவ்வொரு நாளும் கரட் பீற்றூட் ஜூஸ் குடுத்தா எல்லாம் இறங்கும் எண்டு சொல்லினம். அதுக்காக ஜூசர் வேண்டப்போறன்.

பதில்: அப்பாவில உங்களுக்கு இருக்கிற பாசம் விளங்குது, ஆனா இதுக்காக எண்டா வேண்டாதேங்கோ. ஜூசர் எடுத்து வாளிக்குள்ள போடுறது நாரை, சீனி வருத்தக்காரருக்கு வேணுமெண்டதே அந்த நார்தான். மிச்சமா கிளாசுக்கு வாறது மூண்டு நாலு கரட்டின்ர இனிப்பு, மடமடவெண்டு உள்ள போயிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல வெளியிட்ட வழிகாட்டியில பழச்சாறில இருக்கிற சீனியையும் கரண்டியால போடுற சீனியோடதான் சேத்திருக்கு. கரட்டைச் சம்பலாப் போட்டுச் சோத்தோட குடுங்கோ.

இன்னொண்டும் கட்டாயம் சொல்லவேணும், எங்கட வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் கன பேர். கிட்னி பழுதாப்போன ஆக்களுக்குப் பொட்டாசியம் கூடின சாறு ஆபத்து, பீற்றூட்டும் அதில சேத்திதான். விளிம்பிக்காய்ச் சாறு, காமரங்காய்ச் சாறு கொழுப்பைக் குறைக்கும் எண்டு வெறுவயித்தில குடிக்கிற பழக்கமும் இருக்கு, அதில இருக்கிற ஒக்சலிக் அமிலம் நல்லா இருந்த கிட்னியையே பழுதாக்கியிருக்கு. அப்பாவுக்கு எந்தச் சாறும் குடுக்க முதல் கிளினிக்கில டொக்டரிட்டக் கேளுங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு): ஜூசர் வேண்டி ரெண்டு மாசத்தில பூட்டுக் கை முறிஞ்சிட்டுது. ஒரு வருச வாரண்டி எண்டு தந்தவை, இப்ப மோட்டருக்கு மட்டுந்தான் எண்டினம். என்ன செய்யலாம்?

பதில்: எனக்கும் இதே கதை நடந்தது, அந்தக் கடையின்ர பேர் வேண்டாம். பூட்டுக் கை இல்லாட்டி மிசின் ஓடாது, மோட்டர் நல்லா இருந்து என்ன பிரயோசனம்? அண்டைக்கு நான் வாரண்டி காட்டை வாசிக்காமல் மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிட்டன், அதில சின்ன எழுத்தில பிளாஸ்ரிக் பாகம் சேராது எண்டு இருந்திருக்கு.

உங்கட காட்டை எடுத்து முதல் முழுக்க வாசியுங்கோ. அதில அப்பிடி ஒரு விலக்கும் இல்லையெண்டா, பில்லும் காட்டும் முறிஞ்ச துண்டும் கொண்டு கடைக்குப் போய் எழுத்தில குடுங்கோ, ஒரு கொப்பி உங்களிட்ட இருக்கட்டும். சரிவராட்டி நுகர்வோர் அதிகாரசபை 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கோ. முறைப்பாடு எழுத்தில குடுக்கவேணும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி சாமான் வேண்டின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள. உங்களுக்கு ரெண்டு மாசம் போட்டுது, அதால அடுத்த கிழமை பாப்பம் எண்டு விடாதேங்கோ. பில் மங்கிற கடதாசியில அடிச்சதெண்டா இண்டைக்கே போனில படம் எடுத்து வையுங்கோ, எங்கட வெக்கைக்கு அந்த எழுத்து கன நாள் நிக்காது.