சமர்த்தாகிவிட்டான் என்று யார் சொன்னது?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 14 மாதம் ஆகிறது. ஒரு மாதமாக, குளிர்ந்த நீரை மேலே ஊற்றியதுபோல் திடீரென்று உடம்பைச் சிலிர்த்து உதறுகிறான். இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை வருகிறது. காய்ச்சல் இல்லை, நினைவும் தப்புவதில்லை. சோற்றை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் இன்னும் தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். நாங்கள் சுத்த சைவம். நான் தயிர் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பால், தயிர் இரண்டையும் பிரசவத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள், எனவே ஒவ்வாமையாக இருக்காது. மற்றபடி தொந்தரவே இல்லை. முன்பெல்லாம் கை தட்டிக் கத்திக்கொண்டே இருப்பான், இப்போது சமர்த்தாகிவிட்டான் என்று அத்தை சொல்கிறார். அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். இது வலிப்பா?

பதில்: சிலிர்ப்பைப் பற்றி விநாடிக் கணக்கோடு எழுதியிருக்கும் நீங்கள், குழந்தை கை தட்டுவதை நிறுத்திவிட்டதை அரை வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்த அரை வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 14 மாதக் குழந்தை சமர்த்தாக ஆவதில்லை. பாத்திரத்தை உருட்டுவதும், கூப்பிட்டால் ஓடி ஒளிவதும், வேண்டாததைக் கத்தி மறுப்பதும்தான் அந்த வயதின் வேலை. நேற்றுவரை செய்ததை இன்று மறந்துவிட்டு, வைத்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை நாம் சமர்த்து என்று மெச்சுகிறோம். மருத்துவர்கள் அதை வளர்ச்சியில் பின்னடைவு என்று குறிப்பார்கள். அத்தை பாசத்தில் சொல்லியிருப்பார். ஆனால் பத்து மாதம் சுமந்து பெற்ற நீங்கள் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு எனக்கும் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சிலிர்ப்பு மட்டும் வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். என் தங்கை மகனுக்குப் பத்தாம் மாதத்தில் இது தொடங்கியது. பருப்புச் சோற்றுக் கிண்ணத்தைக் கண்டதும் தோள்கள் காதுவரை ஏறும், முஷ்டி இறுகும், புளியங்காயைக் கடித்ததுபோல் முகம் சுருங்கும். நான்கு விநாடியில் எல்லாம் அடங்கி, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறப்பான். உற்சாகத்திலோ, கோபத்திலோ, உணவைப் பார்த்தோ விழித்திருக்கும்போது வருகிற இத்தகைய உதறல் ஒரு நாளில் பல முறை வந்தாலும் வலிப்பு அல்ல; மூளை மின்பதிவான ஈஈஜி சீராகவே இருக்கும், மருந்து தேவைப்படாது, வளர வளரத் தானாகவே நின்றுவிடும். அவனுக்கும் மூன்று வயதுக்குள் நின்றுவிட்டது. ஆனால் அந்த நாட்களில் அவன் கற்ற எதையும் விட்டுவிடவில்லை; வாரத்துக்கு ஒரு புதுச் சொல்லும் ஒரு புதுக் குறும்புமாக வளர்ந்துகொண்டிருந்தான். உங்கள் மகன் அவனிடமிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் இரண்டு விஷயங்களை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். முதலாவது, குழந்தைப் பருவத்தில் வரும் ஒருவகை வலிப்பு. பெரும்பாலும் முதல் வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழுந்தவுடன் தலை முன்னால் கவிழ்ந்து, கைகள் விரிந்து, கும்பிடு போடுவதுபோல் ஓரிரு விநாடி வந்து, சில நொடிகள் விட்டு மீண்டும் மீண்டும் சரமாக வரும். இதை 1841இல் முதன்முதலில் விவரித்த இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், அதைக் கண்டது தம் சொந்த மகனிடம். மருத்துவரான அவரே தொடக்கத்தில் அதைக் குழந்தையின் விளையாட்டு என்றுதான் நினைத்தார். இந்த நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தடுப்பூசித் தேதிவரை பொறுத்திருக்கலாம் என்று உங்கள் கணவர் சொல்வதை நான் கண்டிப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவதை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதை ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சான்றாகத் தவறாகப் படித்துவிட்டீர்கள். பி12 என்ற வைட்டமின் கீரையிலும் பருப்பிலும் பழத்திலும் இல்லை. சைவ உணவுக்காரர்களுக்கு அது பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்தான் கிடைக்கிறது; அவற்றையும் நிறுத்திய தாயின் உடம்பில் அது குறைந்தால், தாய்ப்பாலிலும் குறையும். ஆறு மாதத்துக்குப் பிறகும் வேறு உணவு சேராத குழந்தை வெளுத்துச் சோர்ந்து, சிரிப்பை மறந்து, கற்றதைக் கைவிட்டு, பின்னர் கை, தலை, நாக்கு என்று நடுங்கத் தொடங்கும். நம் நாட்டு மருத்துவர்கள் 1950களிலிருந்தே இதைப் பார்த்து எழுதிவருகிறார்கள். மகனின் விரல் முட்டிகள் மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்கின்றனவா, உள்ளங்கை வெளுத்திருக்கிறதா, தலைமுடி செம்பட்டையாகி மெலிந்திருக்கிறதா என்று இன்றே வெளிச்சத்தில் பாருங்கள். முடி செம்பட்டையானால் மும்பைத் தண்ணீரைக் குறை சொல்லும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். அதற்கு முன் கடையில் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோல் தெரிந்து நரம்பின் கேடு உள்ளே தொடரலாம். பி12 குறைவுதான் என்று உறுதியானால், அது ஊசியிலும் மருந்திலும் ஈடுசெய்யக்கூடிய குறைதான், ஆனால் நாள் கடத்தினால் இழந்தது முழுவதும் திரும்பாமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்ற பெண் என்ன சாப்பிட வேண்டும் என்பதைவிட என்ன சாப்பிடக் கூடாது என்பதில்தான் நம் குடும்பங்களுக்கு அக்கறை அதிகம். பத்தியம் சில நாட்களுக்கு உரியது. தயிர் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் சளி பிடிக்காது. 14 மாதம் பால் கொடுக்கும் ஒருத்தியின் தட்டில் பாலும் தயிரும் இல்லை என்பது அவள் கணவன் கண்ணில் படவில்லையென்றால், அவர் அந்த வீட்டில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்பேன். அத்தை பேச்சுக்கு மறுபேச்சு சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குழந்தையின் உடம்பு என்று வந்தால் தாயின் கடமை முதலில் வரும்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள், கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வரட்டும். பின்னடைவு என்ற சொல்லை நீங்களே சொல்லி, ஈஈஜியும் பி12 அளவும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நரம்பியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னால், 1929 முதல் குழந்தைகளுக்கென்றே இயங்கிவரும் வாடியா மருத்துவமனை பரேலில், உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இடையில் கண் செருகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கூப்பிட்டும் திரும்பாமல் கை கால் வெட்டி இழுத்தாலோ வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். உங்கள் ரத்தத்தையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். உதறல் வரும்போது, குறிப்பாகத் தூங்கி எழும் நேரத்தில், தலை முதல் கால் வரை தெரியும்படி கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கை தட்டிக் கத்திய நாட்களில் எடுத்த வீடியோ ஏதாவது இருந்தால், அதையும் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.