பூநாரை பார்க்கப் படகு தேவையில்லை

கேள்வி: தை விடுமுறையில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கச் செல்ல விரும்புகிறோம். வாட்ஸ்ஆப் மூலம் அறிமுகமான ஒருவர், வனத்துறை அனுமதி, படகு, பறவைகளுக்கு அருகே சென்று படம் எடுப்பது எல்லாம் அடக்கம் என்று கூறி ஆளுக்கு இவ்வளவு என முன்பணம் கேட்கிறார். பறவைகளுக்கும் தொல்லை கூடாது, சட்டச் சிக்கலும் வரக் கூடாது. இதை நம்பலாமா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: நம்ப வேண்டாம். பணம் அனுப்பாதீர்கள், படகிலும் ஏறாதீர்கள். பூநாரைகளைச் சாலையோரத்தில் நின்றே நிறைவாகப் பார்க்க முடியும் என்பதால், அவர் விற்கும் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

படகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் விடுமுறை நாள்களில், அதிலும் காணும் பொங்கல் கூட்டத்தில், மீன்பிடிப் படகுகளில் ஆள் ஏற்றுவது நின்றபாடில்லை. அவை வலையும் மீனும் ஏற்றுவதற்கான படகுகள். பறவைக் கூட்டம் எழும்புகிறபோது படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் படகு தாங்காது. உயிர்காப்பு உடையும் பெரும்பாலும் இருக்காது. இதில் மீனவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது அன்றைய கூலி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் ‘பேக்கேஜ்’ விற்பவரே லாபம் பார்க்கிறார், விபத்து நேர்ந்தால் முதலில் காணாமல் போகிறவரும் அவர்தான்.

அடுத்தது, ‘அனுமதி அடக்கம்’ என்ற பேச்சு. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் செல்லும் அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோதான் தர முடியும். எந்தத் தனியாரும் அதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு சில்லறையில் விற்க இயலாது. உங்கள் பெயரும் தேதியும் உள்ள அனுமதிச் சீட்டின் படத்தை முதலில் அனுப்பும்படி கேட்டுப் பாருங்கள். வாகன நிறுத்தக் கட்டண ரசீதைக் காட்டி ‘இதுதான் பர்மிட்’ என்று சாதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏரி வனத்துறையிடமும், படகு மீன்வளத் துறையிடமும், கூட்டம் காவல் துறையிடமும், ஏரியின் பெரும்பகுதி ஆந்திர அரசிடமும் இருக்கும் நிலையில், ஒரு சாதாரணக் குடும்பம் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை ஒரே இடத்தில் தெளிவாகச் சொல்ல எந்தத் துறையும் முன்வருவதில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பது அந்த அலட்சியத்தால்தான், இதை எத்தனை முறை எழுதினாலும் யாருக்கும் உறைப்பதில்லை.

பறவைக்கு அருகே செல்வதில் என்ன கேடு என்று நீங்கள் நினைக்கலாம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டித் துளித்துளியாக இரை தேடுவது. அதன் பொழுதில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. மேலே எழும்பவும் நீரின் மீது சில அடிகள் ஓடியாக வேண்டும். எஞ்சின் சத்தத்தோடு படகு நெருங்கும் ஒவ்வொரு முறையும் இரையும் போகிறது, சேர்த்து வைத்த வலுவும் போகிறது. ‘ரீல்ஸ்’ எடுப்பதற்காகப் படகைக் கூட்டத்துக்குள் செலுத்திப் பறவைகளை எழுப்புவது வெறும் விளையாட்டு அன்று: சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடை செய்கிறது, வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே விரட்டுவதும் அடங்கும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய சிறகுகளோடு நின்றதை வடசென்னை மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்து நீர்ப்பறவைகளுக்கு நிம்மதியாக இரை எடுக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

அனுமதி வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, உங்களுக்குப் பயன்படுவதும் அதுவே. சரணாலயத்தின் ஊடே செல்லும் பொது நெடுஞ்சாலையில் பயணம் செய்பவருக்கு நுழைவு அனுமதி தேவையில்லை என்று அதே 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆந்திரப் பகுதியில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நோக்கிச் செல்லும் சாலை ஏரியை ஊடறுத்தே செல்கிறது, பருவத்தில் இருபுறமும் பூநாரைகள் மேய்வதைக் காணலாம். ஆனால் இந்த விலக்கு சாலைக்கு மட்டுமே உரியது. வண்டியைப் போக்குவரத்துக்கு இடையூறின்றி ஓரமாக நிறுத்தி அங்கிருந்தே பார்ப்பது வேறு. கரைச் சரிவில் இறங்கிச் சேற்றில் பத்தடி நடந்து படம் எடுப்பது வேறு. கால் சாலையை விட்டு இறங்கியதும் நீங்கள் வழிப்போக்கர் அல்லர், அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைந்தவர். ‘பத்தடிதானே’ என்ற சமாதானம் செல்லாது. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டைக்கு மின்ரயில் உண்டு. அங்கிருந்து வாகனம் அமர்த்திக்கொண்டு காலையிலேயே சாலைக்குச் சென்றுவிடுங்கள். ஒரு பைனாகுலரை இரவல் வாங்கியாவது கொண்டு செல்லுங்கள். படகு காட்டுவதைவிட அது அதிகம் காட்டும், ஏனெனில் பறவை ஓடாமல் நின்று மேயும். நேரமிருந்தால் சூலூர்பேட்டைக்கு வடக்கே உள்ள நேலப்பட்டுக்கும் சென்று, மரங்களில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாக்களைப் பார்த்து வரலாம்.

முன்பணத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுமதிச் சீட்டைக் காட்டும்படியும், இல்லையெனில் பணத்தைத் திருப்பித் தரும்படியும் எழுத்து வடிவிலேயே இன்றே கேளுங்கள். வாட்ஸ்ஆப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காதீர்கள். ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்தால் தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.