தாமான் கயிறு

அன்புள்ள ஐயா,

ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு மாலுமி ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ ஆக இருந்தான் என்று வருகிறது. ‘அவனுடைய மூன்று தாள்கள் காற்றில் பறந்தன’ என்று எழுதினேன். ஆனால் அடுத்த பத்தியில் அவன் படியில் உருண்டு விழுகிறான், தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘பை அண்ட் லார்ஜ்’ என்பதும் இப்படித்தான் படுத்துகிறது. ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பது ஓலைக்கூரையில் படுத்திருந்த பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று வாட்ஸப்பில் படித்தேன். இப்படிப்பட்ட முந்நூறு தொடர்களைப் பொருளோடு பட்டியலிட்டுத் தந்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

கே.

அன்புள்ள கே,

பட்டியல் கிடையாது. கூரைக் கதை 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய புரளி. அந்தத் தொடர் இன்றைய வடிவிலேயே ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஏன் பூனையும் நாயும் என்பதற்கு உறுதியான விடை யாரிடமும் இல்லை. விட்டுத் தள்ளுங்கள்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். ஆள் ஏன் உருண்டு விழுகிறான் என்று உறுத்தியது பாருங்கள், அந்த உறுத்தல்தான் மொழிபெயர்ப்பாளருக்குக் கைமுதல். அது உங்களிடம் இருக்கிறது, சந்தோஷம். உறுத்திய பிறகும் அகராதியைத் திறக்காமல் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

நல்ல அகராதியில் ‘ஷீட்’ இரண்டு தலைச்சொற்களாக இருக்கும். முதலாவது விரிப்பு, தாள், தகடு. எல்லோரும் அதோடு மூடிவிடுகிறார்கள். இரண்டாவது, கப்பல் பாயின் கீழ்மூலையில் கட்டி இழுத்துப் பிடிக்கும் கயிறு. பாய்கூட இல்லை ஐயா, கயிறு! பாயின் மூலையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம் கடற்கரையில் இதற்குத் தாமான் என்று பெயர். தாமானை இழுத்துக் கட்டினால் பாய் காற்றைப் பிடிக்கும். தளர்த்தினால் காற்று வழிந்துபோகும். கையை விட்டே போனால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், வள்ளம் சொன்னபடி கேட்காது. ஒன்று அவிழ்ந்தால் சமாளிக்கலாம். மூன்று அவிழ்ந்தால் கப்பல் தள்ளாடித்தான் போகும், குடிகாரன் தெருவை அளப்பதுபோல. மாலுமிகள் இதை ஒரு அளவுகோலாகவே வைத்திருந்தார்கள்: ஒரு ஷீட் என்றால் லேசான ஏற்றம், மூன்று என்றால் முழு மப்பு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ‘இன் த விண்ட்’ என்றுதான் வழங்கியது. கயிறு காற்றில் ஆடுவது அதில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்த உற்சாகத்தில் ‘அவனுக்கு மூன்று தாமான் அவிழ்ந்திருந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ‘நிறைபோதையில் இருந்தான்’ போதும். பேச்சில் வந்தால் ‘மப்பு’. அது கேலித் தொனியுள்ள தொடர், அந்தத் தொனி தமிழிலும் வர வேண்டும்.

‘பை அண்ட் லார்ஜ்’ தொங்குவதும் இதே கயிற்றில்தான். தாமானை இறுக்கி, காற்று வரும் திசையை முடிந்தவரை ஒட்டிப் போவது ‘பை’. சதுரப்பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 டிகிரியைவிடக் கிட்டே போக முடியாது, அதற்கும் ஒட்டினால் பாய் பின்பக்கமாகப் பாய்மரத்தோடு அப்பிக்கொள்ளும். (திடுக்கிட்டுப் போவதைச் சொல்லும் ‘டேக்கன் அபேக்’ பிறந்தது அங்கே.) காற்று பின்பக்கமாக வரும்போது தாமானைத் தளர்த்திவிட்டு ஓடுவது ‘லார்ஜ்’. 1669-இல் அச்சான மாலுமிக் கையேடு ஒன்றிலேயே இரண்டும் ஜோடியாக வருகின்றன. இரண்டு நிலையிலும் என்றால் எல்லா நிலையிலும். அங்கிருந்துதான் ‘மொத்தத்தில்’, ‘பொதுவாக’ என்ற இன்றைய பொருள்.

நம்மவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: இதைச் ‘சுமார்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘பை அண்ட் லார்ஜ் நாற்பது பேர் வந்தார்கள்’ என்று சொல்லக்கூடாது, எண்ணுக்கு முன்னால் அது நிற்காது. இரண்டு பேர் கைகலந்தார்கள், மற்றபடி கூட்டம் அமைதியாக முடிந்தது என்றால், ‘பை அண்ட் லார்ஜ்’ அமைதி. முன்பின்னாக மாற்றி ‘லார்ஜ் அண்ட் பை’ என்றாலும் செல்லாது.

அகராதியில் தேடும்போது தொடரிலுள்ள பெயர்ச்சொல்லின் கீழ் தேடுங்கள். எல்லாத் தலைச்சொற்களையும் பாருங்கள். பக்கத்தில் கப்பல்துறை, பேச்சுவழக்கு என்று குறிப்பு இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். பிறகு அந்தத் தொடர் வரும் மூன்று வாக்கியங்களை எடுத்து எழுதி, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள்.

முதலில் ‘ஷீட் ஆங்க்கர்’. கிரிக்கெட் வர்ணனையில் கேட்டிருப்பீர்கள், விக்கெட் சரியும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்டக்காரர். அதில் தாளும் இல்லை, நம் தாமானும் இல்லை. என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.