பேஸ்பாலில் பிட்சரின் (பந்து வீசுபவரின்) 'வெற்றி' கணக்கு எதைக் காட்டுகிறது?

தன் அணி கடைசிவரை கைவிடாத முன்னிலையைப் பிடிக்கும்போது ஆட்டத்தில் இருந்த பிட்சருக்கே பொதுவாக 'வெற்றி' எழுதப்படும். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் என்றால் குறைந்தது 5 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஓர் அணிக்கு 9 சுற்று) வீசியிருக்க வேண்டும். இதில் பாதி, அணி எடுக்கும் ரன்னைப் பொறுத்தது. கிரிக்கெட்டில் ஐந்து விக்கெட் எடுத்தும் பேட்டிங் சுருண்டு தோற்பதைப் போலத்தான்.

2018-ல் அமெரிக்காவின் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் ஜேக்கப் டிகிராம் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்தான் கொடுத்தார் (சக வீரர்களின் பிழையால் வந்த ரன்கள் இதில் சேராது). அபாரமான எண் அது! ஆனாலும் கணக்கில் 10 வெற்றி, 9 தோல்வி. நேஷனல் லீகின் (அந்த அணி ஆடும் லீக்) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே போனது. மிகச் சரியான தேர்வு. ஒரு பிட்சரின் பெருமையை எடைபோட வெற்றி எண்ணிக்கை போதாது.

10-9 என்றால் 19 ஆட்டம்தான் ஆடினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் தொடங்கியவை 32, மீதி 13-ன் முடிவு மற்ற பிட்சர்களின் கணக்கில் சேர்ந்தது.