ஜப்பானில் புல்லட் ரயில்களுக்கு ஏன் 20 வருடத்துக்குள்ளேயே ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள்?

பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் வளர்ந்த எனக்கும் முதலில் வீண்செலவாகத்தான் தெரிந்தது. இங்கே ஒரு பெட்டியை 25 வருடம் ஓட்டிப் பழக்கம். ஆனால் புல்லட் ரயில் பெட்டி காற்றுப் புகாமல் மூடப்பட்டது. அதிவேகத்தில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சட்டென மாறும். தினமும் பலமுறை இப்படி அமுங்கி விரிந்தே பெட்டியின் உடல் களைத்துப்போகும். மூடல் தளர்ந்தால் பயணிகளுக்குக் காது அடைக்கும்.

அப்புறம், மெதுவான பழைய வண்டி ஒன்று இருந்தாலும் பின்னால் வருவதெல்லாம் தாமதம். 2020 மார்ச்சில் 700 வரிசை என்ற பழைய புல்லட் ரயில் வகையை டோக்கியோ-ஒசாகா தடத்திலிருந்து எடுத்த பிறகுதான் எல்லா வண்டிகளும் மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தைத் தொட முடிந்தது.

சரி, நம்ம நீலப் பெட்டி? ஐசிஎஃப் 2018 ஜனவரியோடு அந்தப் பழைய வடிவத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. வியாசர்பாடி தாண்டும்போது அது போட்ட ஆட்டத்தில் நான் ஒருநாளும் சிந்தாமல் டீ குடித்ததில்லை.