ஈற்றுக் காலத்தில் செம்மறியும் குட்டியும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் பன்னிரண்டு ஆடுகள் சினையாக உள்ளன. எப்போதிலிருந்து தனிக் கவனம் தேவை?

பதில்: செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள், நான்கைந்து நாட்கள் முன்பின்னாகவும் அமையும். ஆனால் கவனம் தொடங்க வேண்டியது ஈற்றுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே. கருவின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்தக் கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது. அதே சமயம், பெருத்துவரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் முன்போல் நிறையத் தின்ன முடிவதில்லை. எனவே தீவனத்தின் அளவைக் கூட்டுவதைவிட அதன் சத்தைக் கூட்டுங்கள். அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முன்பே துள்ளுமாரித் தடுப்பூசி போட்ட ஆடுகளுக்கு, ஈற்றுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் மறுமுறை போட்டால் அந்த எதிர்ப்பாற்றல் சீம்பால் வழியே குட்டியைச் சேரும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையை மட்டும் ஆட்டுக்கு வைக்காதீர்கள். தாமிரம் சற்று மிகுந்தாலும் செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும்.

கேள்வி: இரட்டைக் குட்டி சுமப்பதாகத் தோன்றும் ஓர் ஆடு இரண்டு நாட்களாகத் தீவனத்தைத் தொடாமல் தனியே நிற்கிறது. ஈற்று நெருங்குகிறதா?

பதில்: ஈனப்போகும் ஆடும் ஒதுங்கத்தான் செய்யும். ஆனால் அது தரையைக் காலால் கீறும், படுத்துப் படுத்து எழும், சில மணி நேரத்தில் ஈன்றுவிடும். இரண்டு நாட்கள் மந்தமாக நிற்பது வேறு. கருக்கள் கேட்கும் சர்க்கரை தீவனத்திலிருந்து கிடைக்காதபோது ஆடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது; அதனால் இரத்தத்தில் கீட்டோன்கள் (கொழுப்பு கரையும்போது உண்டாகும் பொருள்கள்) பெருகி ஆடு நோயுறுகிறது. பல்லைக் கடிப்பதும், கண் தெரியாததுபோல் சுவரில் முட்டி நிற்பதும், மூச்சில் இனித்த வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள். இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். உடலில் சர்க்கரையாக மாறும் புரொப்பிலின் கிளைக்கால் என்னும் நீர்மத்தை வாய்வழியே கொடுப்பது தொடக்க நிலையில் பலன் தரும். ஆடு படுத்துவிட்ட பிறகு பிழைப்பது அரிது. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும் என்பதால், பிரித்தறியும் வேலையை மருத்துவரிடம் விடுவதே நல்லது.

கேள்வி: ஆடு முக்கத் தொடங்கியபின் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: நீர்க்குடம் உடைந்து, ஆடு பலமாக முக்கியும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எதுவும் முன்னேறவில்லை என்றால் கைவைத்துப் பார்க்க வேண்டும். அதற்குமுன் பார்ப்பது பெரும்பாலும் நம் பதற்றமே தவிர, ஆட்டின் தேவை அல்ல. என் தொடக்க காலத்தில் அவசரப்பட்டு இழுத்து ஓர் ஆட்டின் கருப்பை வாயைக் கிழித்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு முன்னங்கால்களும், அவற்றின்மேல் படிந்த மூக்கும் தெரிந்தால் அது இயல்பான நிலை. தலை மட்டும் வந்து கால்கள் மடங்கியிருந்தாலும், கால்கள் வந்து தலை பின்னால் திரும்பியிருந்தாலும் குட்டியை மெல்ல உள்ளே தள்ளிச் சரிசெய்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். கைக்குத் தட்டுப்படுவது எந்தக் கால் என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். குளம்புக்கு மேலுள்ள மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால்கள் இரண்டும் முதலில் வந்தால் திருப்ப வேண்டாம், அப்படியே ஈனச் செய்யலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதமின்றி இழுத்துவிட வேண்டும், ஏனெனில் அப்போது தொப்புள்கொடி நசுங்கி, தலை உள்ளே இருக்கும்போதே குட்டி மூச்செடுக்க முயலும். இழுக்கும் விசை ஆடு முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்முகமாக இருக்கட்டும். கையைக் கழுவி, உறை அணிந்து, வழுவழுப்புக்கான மருந்துக் களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீம்பால் எவ்வளவு, எப்போது?

பதில்: செம்மறிக் குட்டி நோய் எதிர்ப்பாற்றல் ஏதுமின்றிப் பிறக்கிறது, தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்வதில்லை. பிறந்த குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சும் திறனும் ஆறு மணி நேரத்துக்குப்பின் விரைவாகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள், குட்டியின் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் ஊட்டு உள்ளே போயிருக்க வேண்டும். நான்கு கிலோ குட்டிக்கு 200 மில்லி. காம்பின் நுனியை மெழுகு போன்ற அடைப்பு மூடியிருக்கும் என்பதால், ஈன்றவுடன் இரு காம்புகளையும் ஒருமுறை பீச்சிப் பாருங்கள். தொப்புளை டிஞ்சர் அயோடினில் நனைப்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. அடுப்பருகே வைத்துச் சூடேற்றினேன்; சிறிது நேரத்தில் வெட்டி இழுத்து இறந்துவிட்டது. என்ன தவறு?

பதில்: நல்லெண்ணத்தோடு பலரும் செய்யும் தவறுதான் இது. குட்டியின் இயல்பான வெப்பநிலை 39 முதல் 40 டிகிரி செல்சியஸ். அது 37க்குக் கீழே இறங்கி, குட்டி பிறந்து ஐந்து மணி நேரமும் கடந்திருந்தால், பிறவியிலேயே உடலில் இருந்த கொழுப்புச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அந்நிலையில் வெறுமனே சூடேற்றினால் உடல் விழித்துக்கொண்டு சர்க்கரையைக் கேட்கும், கொடுக்க இரத்தத்தில் ஏதும் இராது, வலிப்பு வரும். முதலில் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி, அதன்பிறகே சூடு. அந்த ஊசியை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் முயல வேண்டாம். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகாத குட்டியானால், துடைத்து உலர்த்திச் சூடேற்றியபின் சீம்பால் கொடுத்தால் போதும். தலையைத் தூக்க முடியாத குட்டிக்கு வாய்வழியே எதையும் ஊற்றக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: தலையீற்று ஆடு இரட்டையில் ஒன்றை மட்டும் முட்டித் தள்ளுகிறது. புட்டிப்பாலுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அதற்குமுன் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கல்போல் இறுகிச் சூடாக இருந்தால் அது மடிநோய். குட்டி வாய்வைத்தால் வலிப்பதால் முட்டுகிறது. மடியில் குறையில்லை என்றால் தாயையும் இரு குட்டிகளையும் குறுகிய தடுப்புக்குள் இரண்டு மூன்று நாட்கள் அடைத்து, தாயைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கப்பட்ட குட்டியை ஊட்டவிடுங்கள். தாய் குட்டியை அறிவது வாடையால்தான். தன் பால் குட்டியின் குடலில் இறங்கி அதன் எச்சத்தில் அந்த வாடை வந்தபின் பல ஆடுகள் இணங்கிவிடும்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது ஈற்றுக்கு உதவலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் ஈற்று நீர், நஞ்சுக்கொடி, பிறந்த குட்டி ஆகியவற்றின் வழியே உங்களுக்கும் கருவுக்கும் தொற்றக்கூடும். ஈற்றின்போது அணிந்த உடையைக்கூட நீங்கள் துவைக்க வேண்டாம்.

கேள்வி: நேற்றிரவு ஈன்ற ஆட்டுக்கு நஞ்சுக்கொடி இன்னும் தொங்குகிறது. இழுக்கலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கடந்திருந்தாலோ, ஆடு தீவனத்தை ஒதுக்கினாலோ மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: குட்டி காம்பைச் சப்புகிறது, ஆனால் வயிறு நிறைகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: படுத்திருக்கும் குட்டியை எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் முதுகை நீட்டிச் சோம்பல் முறித்தால் நிறைவாகக் குடித்திருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு, நான்கு கால்களையும் ஒடுக்கி நின்றால், வாயில் காம்பு இருந்தும் பால் இறங்கவில்லை என்று கொள்ளுங்கள்.