மீட்டர் 870 காட்டுகிறது, குழாய் தப்புமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மேலே இருக்கும் தாங்கியிலிருந்து வரும் இரும்புத் தண்ணீர்க் குழாய்க்குத் துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் பதில் தாமே கரைந்து மின்னோட்டம் கொடுக்கும் மக்னீசியக் கட்டிகளைக் குழாயோடு இணைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டு அளக்க உதவும் செப்பு சல்பேட் கலத்தை மண்ணில் ஊன்றி மீட்டரால் குழாயின் வோல்ட்டை அளந்தால் மைனஸ் 870 மில்லிவோல்ட் வருகிறது. 850ஐத் தாண்டிவிட்டது, பாஸ் என்கிறார் கொந்தராத்துக்காரர். நம்பலாமா ஐயா?

பதில்: அவரிடம் ஒன்று கேளுங்கள். கட்டிகள் குழாயோடு இணைந்திருக்கும்போது எடுத்த அளவா, கழற்றிய உடனே எடுத்ததா? இணைந்திருக்கும்போது என்றால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

மைனஸ் 850ஐத் தாண்டினால் இரும்பு துருவிலிருந்து தப்பும் என்ற இந்தக் கணக்கு (இனி மைனஸை விட்டே சொல்கிறேன்) 1928இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்ற பொறியியலாளர் எரிவாயுக் குழாய்களில் செய்து பார்த்துச் சொன்னது. இன்று அதைக் குழாயின் மேற்பரப்பில் இருக்கவேண்டிய அளவாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் மீட்டர் குழாயை மட்டும் அளக்கவில்லை, மின்னோட்டம் மண்ணைக் கடந்து வரும்போது வழியில் விழும் வோல்ட்டையும் சேர்த்தே காட்டுகிறது, மலைநாட்டுக் கல்மண்ணில் அது சுலபமாகப் பத்து இருபது மில்லிவோல்ட்டைத் தாண்டும். உங்களிடம் மிச்சம் இருப்பதே 20தான்!

சரி, எப்படி அளப்பது? கட்டிகளைக் கழற்றினால் மின்னோட்டம் நிற்கும், மண்ணில் விழும் அந்த வோல்ட்டும் உடனே மறையும். கட்டிகளின் வயர்கள் மேலே ஒரு பெட்டிக்கு வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றி, அந்தக் கணமே வரும் எண்ணைக் குறியுங்கள். ஒன்றைக் கழற்றி மற்றதை விட்டுவைத்தால் பலனில்லை. கட்டிகளை நேரே குழாயில் ஒட்டவைத்திருந்தால் (பலர் செலவைக் குறைக்க இதைத்தான் செய்கிறார்கள்) குழாய் ஓரமாக ஒரு சிறு இரும்புத் துண்டைப் புதைத்து வயரால் குழாயோடு இணைத்து, சில வாரம் விட்டு, அந்தத் துண்டை மட்டும் கழற்றி அளக்கவேண்டும்.

கழற்றிய உடனே 780தான் வந்தால்? உடனே தோல்வி என்று எழுதிவிட வேண்டாம். திரும்ப இணைக்காமல் கழற்றியபடியே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், 660க்கு இறங்கியிருந்தால் வித்தியாசம் 120. குறைந்தது 100 இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட இன்னொரு அளவுகோல். கணக்கைக் கழற்றிய உடனே வந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள், முதலில் கண்ட 870இலிருந்து அல்ல. குழாய் தொழிற்சாலையின் செப்பு ஏர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் இந்த 100 கணக்கு செல்லாது. கட்டிகளின் மின்னோட்டத்தையும் அந்தச் செம்பு இழுத்துக்கொள்ளும். ஆகவே குழாய் உள்ளே நுழையும் இடத்தில் மின்கடத்தா இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நான் அங்கே இருந்தால் மீட்டரைத் தொடுமுன் அதைத்தான் பார்ப்பேன்.

குழாய் போகும் வழியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு இருந்தால் அங்கே 850 போதாது, 950 வேண்டும். காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை பக்டீரியா இரும்பைத் தின்ன வழி செய்கிறது. அதற்காக அளவில்லாமல் ஏற்றவும் கூடாது, 1200க்கு மேல் போனால் குழாயின் பூச்சே கழன்று வரலாம். மக்னீசியக் கட்டியில் அந்தப் பயம் குறைவு, கட்டிக்குப் பதில் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துச் செய்யும் முறையில்தான் அதிகம்.

அப்புறம், மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டுப் போகவேண்டாம், பெப்ரவரி மார்ச் வெயிலில் மண் காயும்போது கட்டி கொடுக்கும் மின்னோட்டமும் குறையும். நிலத்துக்கு மேலே தூணில் ஓடும் பகுதிக்கு இந்தக் கட்டிகளால் ஒரு பிரயோசனமும் இல்லை, காற்றில் மின்னோட்டம் போக வழியில்லை, அதற்குப் பெயின்ட்தான்.